ஒற்றை மணி

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று எழுத ஆசைதான். முழங்கால் எழுதவிட மாட்டேன் என்கிறது.

உன் கடிதம் வந்தது. ஒன்றரைப் பக்கத்தில் வெயில் என்ற சொல் பதினோரு தடவை வருகிறது. எண்ணிப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருடமாகத் தண்ணீர் வாரிய அலுவலகத்தில் கோப்பு பார்ப்பவளுக்கு வேறு என்ன புத்தி வரும்? உன் ஊர் வெயில் என் முட்டிக்கு மருந்து என்கிறாய். எலும்பு டாக்டரும் அதையேதான் சொல்கிறார். இங்கே கடல் காற்றில் சுவரெல்லாம் பூத்துக் கிடக்கிறது. துவைத்துப் போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரமாகவே கையில் வருகிறது. அத்தான் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆகவே பத்து நாள் லீவு போட்டுவிட்டேன். வருகிறேன்.

வருவதற்கு முன் நாலு விஷயம் தெரிய வேண்டாமா? எந்த பஸ்? எத்தனை மணிக்கு? எங்கே இறங்குவது? உன் குவார்ட்டர்ஸுக்கு எத்தனை படி? குளியலறை உள்ளேயா, வெளியேயா? போனில் இரண்டு நிமிடத்தில் முடிகிற பேச்சு. நீதான் எடுப்பதில்லையே! போன மாதம் மட்டும் பதினேழு தடவை கூப்பிட்டேன். ஒரே ஒரு தடவை எடுத்தாய். நான் "முட்டி உயிர் போகுதுடா" என்றேன். நீ "ஆமாக்கா, இங்க நல்ல வெயில்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். கேட்டால் டவர் இல்லையாம், கடிதம் போட வேண்டுமாம். டவர் இல்லாத ஊரில் மணி மட்டும் எப்படியடா அடிக்கிறது?

ஐந்து கேள்வி கேட்டிருக்கிறேன். ஐந்துக்கும் பதில் வேண்டும்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீ வருகிறாய் என்று படித்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இங்கே இன்றைக்கும் நல்ல வெயில்.

இந்த மலைச்சரிவு முழுக்கத் தெற்கு பார்த்தது. காலை ஏழு மணிக்கு வரும் வெயில் சாயங்காலம் ஐந்தரை வரைக்கும் அசையாது. அழகு பார்க்க வருகிற ஊர் இல்லை இது, வேலை பார்க்கிற ஊர். மேலே கல் குவாரி, கீழே கல் அறுக்கும் பட்டறைகள், நடுவில் வீடுகள். ஜன்னல் விளிம்பில் எப்போதும் வெள்ளைத் தூசி இருக்கும். நீ துடைக்க ஆரம்பித்துவிடாதே, முடியாது.

என் வின்ச் அறையை உனக்குக் காட்ட வேண்டும். குவாரிக்குப் பக்கத்தில், மலை உச்சியில் இருக்கிறது. அங்கிருந்து கீழே ஊர் வரைக்கும் தண்டவாளம் போட்டு, கம்பி வடத்தில் ஒரு இழுவை வண்டி கட்டியிருக்கிறது. அந்த வடத்தைச் சுற்றி இழுக்கிற இயந்திரம்தான் வின்ச். கல் இறங்கும், ஆள் ஏறும். நடுவில் ஒரு வளைவு இருப்பதால் வண்டி என் கண்ணுக்குத் தெரியாது. கீழே இருப்பவர்கள் கம்பியை இழுத்தால் என் அறையில் மணி அடிக்கும். ஒரு மணி என்றால் நிறுத்து, இரண்டு ஏற்று, மூன்று இறக்கு. பத்தொன்பது வருடமாக என் கைதான் அந்த பிரேக்கில் இருக்கிறது. ஒருத்தர் மேல் ஒரு கீறல் கிடையாது.

காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடி. எடைமேடை நிறுத்தத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். வரும்போது கம்பளி வேண்டாம். வெயில் இருக்கிறது.

பாசமுள்ள,
தம்பி

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். குளியலறை வெளியே இருபத்திரண்டு படி இறங்கி என்பதை முன்பே எழுதியிருந்தால் யார் குடி முழுகியிருக்கும்?

வெயில் நன்றாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. உன் வாசல் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தால் அரை மணியில் முட்டி எண்ணெய் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. பட்டறை ஆட்கள் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு, புருவமெல்லாம் வெள்ளையாகப் போவதும் வருவதும், கயிறு நிறையக் காய்கிற துணியும், ரம்பச் சத்தமும் எனக்குப் பிடித்திருந்தன. இத்தனை வேலைச் சத்தத்துக்கு நடுவில் யாருக்கும் முகம் சுளிக்கத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அத்தானிடம் கூட அதைச் சொன்னேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்கல்ல.

வந்த மூன்றாம் நாள் மளிகைக் கடைக்காரம்மா என்னிடம், "உங்க தம்பி மாதிரி ஒரு பொறுமைசாலிய நான் பாத்ததே இல்லைங்க. எவ்வளவு கத்தினாலும் சிரிச்சிட்டே போயிடுவாரு" என்றார். ஊரே உன்னைப் பொறுமைக்காரர் என்றுதான் கூப்பிடுகிறது. எனக்கு ஒரே ஆச்சரியம். சின்ன வயதில் ஊக்கு குத்தினால்கூட வீட்டை இரண்டாக்குகிறவன் ஆயிற்றே நீ! அப்புறம் கவனித்தேன். நீ வானொலி வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் தன் வானொலியை அணைத்துவிடுகிறார். பின்னால் நின்று கூப்பிட்டால் நீ திரும்புவதில்லை. நான் தண்ணீர் கேட்டால் துண்டு எடுத்து வருகிறாய். அலட்சியம் என்று நினைத்து மனதுக்குள் ஆயிரம் திட்டினேன்.

எட்டாம் நாள் உனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மேலே வந்தேன் இல்லையா? அன்றைக்கு நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. நீ அந்த அறையில்தான் இருந்தாய். இருந்தாலும் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

நீ டிபன் பெட்டியை வாங்க இரண்டு கையையும் நீட்டினாய். கல் ஏற்றின வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது மணி அடித்தது. ஒரு தடவை. நீ மூடியைத் திறந்தாய். மறுபடி ஒரு தடவை. "வாசனை தூக்குதேக்கா" என்றாய். அதற்கப்புறம் கீழே யாரோ வெறி பிடித்த மாதிரி இழுத்தார்கள். மணி விடாமல் அடித்தது. நான் "டேய், மணி! மணிடா!" என்று கத்தினேன். நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தட்டைத் தேடினாய். சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் திரும்பினாய். என் வாயைப் பார்த்தாய். உடனே மணி தொங்குகிற பலகையில் உள்ளங்கையை வைத்தாய். உன் முகம் செத்துப் போயிற்று. பிரேக்கை இழுத்தாய்.

கொஞ்ச நேரத்தில் சுமை ஏற்றுகிறவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். வளைவில் கல் சாய்ந்து, வண்டியோடு கூடவே இறங்கிய அவரும் இன்னொருவரும் அதற்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள இருந்தார்களாம். உன்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பரவாயில்லண்ணே, கல்லுதான் கொஞ்சம் நகந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

உனக்குக் காது கேட்கவில்லை. பலகை அதிர்வதைக் கையால் பார்த்து வண்டி ஓட்டுகிறாய். அன்று சாயங்காலம் என்னிடம் "யார்கிட்டயும் சொல்லாதக்கா" என்று சத்தியம் கேட்டாய். நான் செய்யவில்லை. நினைவிருக்கட்டும்.

நீயே போய் மேலாளரிடம் சொல்லிவிடு. இந்த வாரத்துக்குள்.

அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டி இப்போது எப்படி இருக்கிறது? நீ போனதிலிருந்து வெயில் இன்னும் நன்றாக இருக்கிறது.

நீ சொல்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை. காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். இத்தனை வருடம் கல் உடைகிற இடத்தில் இருந்தால் யாருக்கும் ஆகும். பலகையில் கை வைத்திருந்தால் மணி எனக்குக் காதைவிட நன்றாகத் தெரியும். தோள் வரைக்கும் ஏறும். அன்றைக்கு நீ சாப்பாட்டோடு வந்ததால்தான் கையை எடுத்தேன். நீ வராமல் இருந்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது.

இனிமேல் வேலை நேரத்தில் சாப்பிட மாட்டேன். போதுமா?

அதோடு இப்போதெல்லாம் வண்டியில் ஆள் யாரும் ஏறுவதில்லை. நாற்பது பேரும் அறுநூறு படியும் நடந்துதான் வருகிறார்கள். உடம்புக்கு நல்லதாம், எல்லோருக்கும் ஒரே சமயத்தில் புத்தி வந்துவிட்டது. வெறும் கல்தான் இறங்குகிறது. கல்லுக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

ஓய்வு பெற இன்னும் பதினாலே மாதம். இந்த ஊரில் எனக்கு வீடு இல்லை, பெண்டாட்டி பிள்ளை இல்லை. வின்ச் அறையில் இருக்கிற ஆள் என்ற ஒரு பெயர்தான் இருக்கிறது. பதினாலு மாதம் வாயை மூடிக்கொண்டு இரு, அக்கா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

பாசமுள்ள,
தம்பி

மார்ச் 22

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது.

நான் சாப்பாடு கொண்டு வந்ததுதான் தப்பு. சரி. நாளைக்கு ஒரு தும்மல் வந்தால் யார் தப்பு? கொசு கடித்தால்? கல்லுக்கு ஒன்றும் ஆகாது என்கிறாய். கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் எதனால் செய்தவர்கள்?

இன்னொன்று. எழுத வேண்டாம் என்று இருந்தேன். நீ எழுத வைக்கிறாய். எந்த ஊரிலடா நாற்பது ஆம்பளைகளுக்கு ஒரே நாளில் நடக்க ஆசை வரும்? எட்டு மணி நேரம் கல் தூக்கப் போகிறவன், வெயிலில் அறுநூறு படியை உடம்புக்கு நல்லதென்றா ஏறுவான்? நான் சாப்பாடு எடுத்து வந்த அன்று வண்டி சும்மாதான் நின்றது. ஏறப் போனேன். ஏற விடவில்லை. "அம்மா, மெதுவா நடந்தே போயிடலாம், நாங்க கூட வர்றோம்" என்று இரண்டு பேர் டிபன் பெட்டியை வாங்கிக்கொண்டு, படிக்குப் படி என்னை உட்கார வைத்து, ஒரு மணி நேரம் செலவழித்துக் கூட்டி வந்தார்கள். முட்டி செத்தவளை நடக்க வைக்கிறார்களே என்று நான் வாய்க்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

அவர்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். உன்னைக் காட்டிக் கொடுக்க மனசு வரவில்லை. உன் கையை நம்பி ஏறவும் மனசு வரவில்லை. அதனால் நடக்கிறார்கள். நீ ஊரை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஊர் உனக்காகப் படி ஏறிக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் ஐந்தாம் தேதி வரை காத்திருப்பேன். அதற்குள் நீ சொல்லாவிட்டால் நான் மேலாளருக்கு எழுதுவேன். முப்பத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், எழுதத் தெரியும்.

அக்கா

மார்ச் 30

அக்காவுக்கு,

நீ எழுதியது பொய். என் ஆட்களை எனக்குத் தெரியும்.

அம்மா அப்பா போன பிறகு நீ தையல் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தாய். இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக என் சோற்றில் மண் போட உனக்கு உரிமை கிடையாது.

எழுதினால் எனக்கு அக்கா இல்லை என்று வைத்துக்கொள்வேன்.

தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

எழுதிவிட்டேன். நேற்று நாலு மணி வரை தபால்காரரைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். மின்சாரக் கட்டண ரசீது மட்டும் வந்தது. அப்புறம் போய் பதிவுத் தபாலில் போட்டேன்.

என்ன எழுதினேன் என்று நீ பிறர் வாயால் தெரிந்துகொள்ளக் கூடாது. நகல் இது: "ஐயா, வின்ச் இயக்கும் என் தம்பிக்குக் காது கேட்பதில்லை. நேரில் பார்த்துச் சொல்கிறேன். அவர் பொறுப்பில்லாதவர் அல்ல, பயந்துபோனவர். காதைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். கைக்கும் கண்ணுக்கும் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குத் தகுந்த வேலை கொடுங்கள்."

நாலு தடவை அடித்து எழுதினேன். முதல் பிரதியில் உன்னைப் பற்றி இரண்டு பக்கம் வந்துவிட்டது. அத்தான் படித்துவிட்டு, "இது புகார் மாதிரி இல்லையே, பொண்ணு கேக்குற மாதிரி இருக்கே" என்றார். கிழித்துப் போட்டேன்.

நான் செய்தது சரி. சரியாகச் செய்துவிட்டு நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இதற்கும் உன் மேல்தான் கோபம் வருகிறது. நீயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னடா?

அக்கா

மே 11

அன்புள்ள தம்பிக்கு,

ஐந்து வாரம் ஆகிறது. அக்கா இல்லை என்று வைத்துக்கொண்டாய் போலிருக்கிறது. வைத்துக்கொள். இல்லாத அக்காவுக்கு ஒரு வரி எழுதுவதில் என்ன தப்பு?

உன் மேலாளரும் பதில் போடவில்லை. உங்கள் ஊரில் பேனாவுக்குப் பஞ்சமா? அலுவலகத்தில் எனக்கு வரும் கடிதத்துக்கு மூன்று நாளில் பதில் போகாவிட்டால் நான் ஆட்டம் ஆடுவேன். இங்கே தினமும் தபால் நேரத்துக்கு ஜன்னல் பக்கம் போய் நிற்கிறேன். அத்தான் குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்காமலே "இன்னைக்கும் இல்லையா?" என்கிறார். நேற்று அவர் மேல் பாய்ந்துவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்?

முட்டி மறுபடி பிடித்துக்கொண்டது. அதைச் சொல்லி உன்னை இளக்கப் பார்க்கவில்லை, செய்தியாக எழுதுகிறேன்.

திட்டியாவது எழுது. உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 2

அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. பிரிக்காமல் வைத்திருந்தேன். இன்றைக்குத்தான் பிரித்தேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், நீ வரிசை கேட்பவள். ஏப்ரல் கடைசியில் மேலாளரும் மேஸ்திரியும் வின்ச் அறைக்கு வந்தார்கள். மேலாளர் என் முதுகுக்குப் பின்னால் நின்று ஏதோ சொன்னாராம். மூன்று தடவை சொன்னாராம். மேஸ்திரியின் கண் கலங்கியதைப் பார்த்துத்தான் நான் திரும்பினேன். அன்றோடு என்னை பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு மேஸ்திரியே கூட்டிப் போனார். ஒரு காதில் ஒன்றும் இல்லை, இன்னொன்றில் கொஞ்சம் இருக்கிறது. அதற்கு ஒரு கருவி கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டால் ஊர் முழுக்க ரம்பமாகக் கேட்கிறது. மளிகைக் கடைக்காரம்மா இத்தனை நாள் என்னை என்னென்ன சொல்லியிருக்கிறார் என்பதும் இப்போதுதான் தெரிகிறது. நான் பொறுமைக்காரன் இல்லை என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

இப்போது கம்பி வடம் பார்க்கிற வேலை. எங்கே இழை விட்டிருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்து, கிரீஸ் போட வேண்டும். வின்ச்சுக்குப் பட்டறையிலிருந்து ஒரு பெண்ணை எடுத்திருக்கிறார்கள். மூன்று வாரம் நான்தான் பழக்கினேன். முதல் நாள் அவர் என் நாற்காலியில் உட்கார்ந்தபோது வெளியே போய் நின்றுகொண்டேன்.

சுமை ஏற்றுகிறவரைப் பிடித்துக் கேட்டேன். "எத்தனை நாளா தெரியும்?"

"ஒன்றரை வருஷமாண்ணே."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

"ஏன்டா, மூஞ்சிக்கு நேரா ஒருத்தன் சொல்லக் கூடாதா?"

"எப்படிண்ணே சொல்றது? யாராவது ஒருத்தர் சொல்லிடுவாங்கன்னு எல்லாரும் நடந்துட்டே இருந்தோம்."

அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று காலை ஆட்கள் மறுபடி வண்டியில் ஏறினார்கள். நான் படிப் பக்கம் போனேன். கையைப் பிடித்து இழுத்து முன்னால் உட்கார வைத்தார்கள். பத்தொன்பது வருடத்தில் நான் அந்த வண்டியில் ஒரு தடவைகூட ஏறியதில்லை, அக்கா. எல்லோருக்கும் முன்னால் மேலே போய் இயக்க வேண்டியவன், எப்போது ஏறுவேன்? வண்டி கிளம்பியது. வளைவு வரைக்கும் சும்மா இருந்தேன். வளைவில் அது வெளிப்பக்கமாகச் சாய்கிறது. காலுக்கு அடியில் வீட்டுக் கூரைகள் தெரிகின்றன. அங்கே ஒரு விநாடி நின்று, ஒரு குலுக்குக் குலுக்கி, மறுபடி நகர்ந்தது. பக்கத்தில் இருந்தவரின் தொடையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பின்னால் இருந்தவரோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் பேசிக்கொண்டுதான் வந்தார்கள். மேலே யார் கை பிரேக்கில் இருக்கிறது என்ற நினைப்பே ஒருவருக்கும் இல்லை. முன்பெல்லாம் என் கை இருந்தபோதும் இப்படித்தான் பேசிக்கொண்டு வந்திருப்பார்கள்.

மேலே இறங்கியதும் முதல் வேலையாக வடத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

நீ செய்தது சரி. இதை எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று.

கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். நீ தபால் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாய். நான் தினமும் அந்த அறையைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். நீ தப்புச் செய்திருந்தால் இதற்குள் மன்னித்திருப்பேன். சரியாகச் செய்திருக்கிறாய், அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முட்டி வலிக்கிறது என்று கிளம்பி வந்துவிடாதே. உன்னைப் பார்க்க எனக்கு இன்னும் முகம் வரவில்லை. வந்ததும் நானே எழுதுகிறேன். அதுவரை நீ எழுது. வழக்கம் போலவே எழுது, நம்பர் போட்டுக் கேள்வி கேள். இந்த முறை எல்லாவற்றுக்கும் பதில் போடுகிறேன்.

இப்போதைக்கு உன்னோடு பேச மனமில்லாத,
உன் தம்பி